ஈப்போவுக்கு வடக்கே ஒரு மரம், தெற்கே ஒரு மலர்: அழிவின் விளிம்பில் இரண்டு பேராக் தாவரங்கள்

பத்து ரிங்கிட் நோட்டைத் திருப்பிப் பார்த்தால், ஐந்து தடித்த இதழ்களோடு ஒரு பெரிய பூ தெரியும். 2012-இல் பேங்க் நெகாரா வெளியிட்ட நோட்டு வரிசையில் இடம்பெற்ற அந்தப் பூவின் பெயர் ராஃப்ளேசியா அஸ்லானி. பேராக்கின் ரோயல் பெலும் காட்டில் கண்டறியப்பட்டு, 2003-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான இனம் இது. அப்போது பேராக் சுல்தானாக இருந்த சுல்தான் அஸ்லான் ஷாவின் பெயரே இதற்குச் சூட்டப்பட்டது.

இதே பேராக் மண்ணில், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போவைத் தாண்டிப் போகிறவர்களின் கண்ணில் படும் ஒரு மலையில் இன்னொரு தாவரம் இருக்கிறது. அது எந்த நோட்டிலும் இல்லை, எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இல்லை. உலகில் அந்த ஒரு மலையைத் தவிர வேறெங்கும் அது காணப்பட்டதாகப் பதிவில்லை. அதன் பெயர் வாட்டிகா கந்தானென்சிஸ்.

ஈப்போவுக்குத் தெற்கே கோப்பெங் காட்டில் பூக்கும் ராஃப்ளேசியா கண்ட்லி என்ற மலரையும், வடக்கே சிம்மோர் அருகே குனோங் கந்தானில் நிற்கும் இந்த மரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு தாவரம் எப்படி அழிகிறது, எப்படிப் பிழைக்கிறது என்பது தெளிவாக விளங்கும். இரண்டும் ஆபத்தில்தான் உள்ளன. ஆனால், இரண்டின் ஆபத்தும் ஒன்றல்ல.

இலையில்லாத மலர்

ராஃப்ளேசியா கண்ட்லி தீபகற்ப மலேசியாவுக்கு மட்டுமே உரியது. 1880-களில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவை நிர்வகித்த நத்தானியேல் கண்ட்லியின் பெயரால் 1910-இல் இது அழைக்கப்பட்டது. பேராக்கில் மட்டுமின்றிக் கிளந்தான், பகாங் காடுகளிலும், தியோமான் தீவிலும்கூட இது உண்டு. மலாய்க்காரர்கள் இவ்வகைப் பூவைப் ‘பக்மா’ என்பார்கள். தாமரையைக் குறிக்கும் ‘பத்ம’ என்ற வடசொல்லின் மருவிய வடிவம் அது. நாம் ‘பதுமம்’ என்று சொல்வதும் அதே வேர்தான்.

பெயரில் தாமரை இருந்தாலும் குணத்தில் தாமரைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இந்தத் தாவரத்துக்கு இலை, தண்டு, வேர் எதுவும் கிடையாது. திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்த டெட்ராஸ்டிக்மா என்ற காட்டுக் கொடிக்குள் நூல் இழை போலப் பரவி, அந்தக் கொடியின் நீரையும் சத்தையும் உறிஞ்சி வாழ்கிறது. வெளியுலகுக்கு அது தலைகாட்டுவது பூக்கும்போது மட்டும்தான். கொடியின் பட்டையைப் பிளந்துகொண்டு ஒரு மொட்டு வெளிவரும். மாதக்கணக்கில் மெல்லப் பருத்து முட்டைக்கோஸ் அளவுக்கு வளரும். பிறகு ஓர் அடி முதல் இரண்டு அடி வரை அகலம் கொண்ட செம்பழுப்பு மலராக விரியும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் கறுத்து அழுகிவிடும்.

மலர் வீசுவது அழுகிய இறைச்சி நாற்றம். அதை நம்பி வரும் ஈக்கள்தான் இதன் மகரந்தத்தைச் சுமக்கின்றன. இதில் ஒரு சிக்கல் உள்ளது. ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஈ பறந்து போகும் தூரத்தில், அதே சில நாட்களுக்குள், இரண்டும் பூத்தால்தான் காய் பிடிக்கும். மொட்டுகளில் பலவும் விரியாமலேயே அழுகிவிடுகின்றன அல்லது விலங்குகளுக்கு இரையாகின்றன. ஆகவே, ஒரு காட்டில் பத்து மொட்டு இருக்கிறது என்பதற்கும், அங்கே அடுத்த தலைமுறை உருவாகிறது என்பதற்கும் இடையே நிறைய தூரம் உண்டு.

இந்தக் கண்ட்லி இனம் ஆய்வுலகில் பேசப்பட்டதற்கு இன்னொரு காரணமும் உள்ளது. 2012-இல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு, இத்தாவரத்தில் இயங்கும் மரபணுக்களில் சில பத்து, அது ஒட்டியிருக்கும் கொடியிடமிருந்து வந்தவை என்று காட்டியது. உணவை மட்டுமல்ல, பரம்பரைக் குறிப்பின் ஒரு பகுதியையும் அது கொடியிடம் கடன் வாங்கியிருக்கிறது. அந்தக் கொடி வெட்டப்பட்டால் பூவுக்கு வேறு போக்கிடம் இல்லை என்பதை இதைவிட அழுத்தமாகச் சொல்ல முடியாது.

ஒரே மலையின் மரம்

வாட்டிகா கந்தானென்சிஸ் இதற்கு நேர்மாறு. இதற்கு வேர், தண்டு, இலை எல்லாம் உண்டு. யாரையும் அண்டி வாழாத மரம். மலாயில் ‘ரெசாக்’ என்று அழைக்கப்படும் மரவகைகளின் உறவு. மலேசிய வன ஆய்வுக் கழகத்தின் தாவரவியலாளர் சா லெங் குவான் 2002-இல் இதைப் புதிய இனமாக விவரித்தார். பெயரின் பின்னால் வரும் ‘என்சிஸ்’ என்ற லத்தீன் விகுதி ஊரைக் குறிப்பது. மதுரைக்காரர், ஈப்போக்காரர் என்று நாம் சொல்வதுபோல, இது ‘கந்தான்காரர்’.

இம்மரத்தின் குடும்பம் டிப்டெரோகார்பேசியே. ‘இரு சிறகுக் கனி’ என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். மெரந்தி, கெருயிங், செங்கால் என்று நம் மரக்கடைகளில் விலை பேசப்படும் மரங்கள் எல்லாம் இக்குடும்பத்தவை. தமிழுக்கும் இக்குடும்பம் புதிதல்ல. சாம்பிராணித் தட்டில் இடும் குங்கிலியம் பெரும்பாலும் இக்குடும்ப மரங்களின் பிசின்தான். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் மலர்களில் ஒன்றான ‘பயினி’யை, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் வெள்ளைக் குங்கில மரமாகத் தாவரவியலாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். அதுவும் இதே குடும்பம்தான்.

இக்குடும்ப மரங்களில் பல, ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காடே சேர்ந்து பூப்பது அவற்றின் வழக்கம். விதைகள் நெல்லைப்போலக் காயவைத்துச் சேமிக்கத் தக்கவை அல்ல. விழுந்த சில வாரங்களுக்குள் முளைக்க வேண்டும், இல்லையேல் செத்துவிடும். அதனால் ‘விதையை எடுத்து வைத்துக்கொள்வோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற வழி இங்கே அடைபட்டுப் போகிறது.

மலைகள் ஏன் தீவுகள்?

ஒரு மரம் ஒரே மலையில் மட்டும் இருப்பது எப்படி? கிந்தா பள்ளத்தாக்கின் மண்ணைப் புரிந்துகொண்டால் விடை கிடைக்கும்.

ஈப்போவைச் சுற்றித் திடீரென எழுந்து நிற்கும் வெளிறிய மலைகள் எல்லாம் சுண்ணாம்புக் கல். அவற்றின் மேல் மண் மிகக் குறைவு. பாறை இடுக்குகளில் சிக்கிய மக்குதான் செடிகளுக்கு ஆதாரம். மழை பெய்தவுடன் நீர் வடிந்துவிடும். சுண்ணாம்புச் சத்து மிகுதி. இந்தக் கடுமையைத் தாங்கப் பழகிய தாவரம் கீழே சமவெளியில் மற்றவற்றோடு போட்டியிட முடியாது. சமவெளித் தாவரமோ மேலே ஏற முடியாது. ஆகவே, ஒவ்வொரு மலையும் கடலில் தனித்திருக்கும் தீவு போல ஆகிறது. பல்லாயிரம் ஆண்டுகளாகப் பிரிந்து வாழ்ந்த உயிர்கள், மலைக்கு மலை வேறு வேறு இனங்களாக மாறிவிடுகின்றன.

தீபகற்ப மலேசியாவின் நிலப்பரப்பில் சுண்ணாம்பு மலைகள் நூற்றில் அரைப் பங்குகூட இல்லை. ஆனால், அவற்றில் 1,200-க்கும் மேற்பட்ட தாவர வகைகள் பதிவாகியுள்ளன. குனோங் கந்தானை மட்டும் எடுத்துக்கொண்டாலும், லிபிஸ்டியஸ் கந்தான் என்ற பொறிக்கதவுச் சிலந்தி 1997-இலும், அந்த மலைக் குகையின் பெயர் தாங்கிய பல்லி ஒன்று 2014-இலும் புதிய இனங்களாக அறிவிக்கப்பட்டன.

இந்தத் தீவுகளைச் சுற்றியிருந்த கடல் எது என்பதை நம் மூத்தவர்கள் நன்கு அறிவார்கள். 1877-இல் பேராக்கின் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அமேசான் காட்டிலிருந்து லண்டன், சிங்கப்பூர் வழியாக வந்த அந்த மரம், அடுத்த சில பத்தாண்டுகளில் சமவெளிக் காடுகளின் இடத்தைப் பிடித்தது. சுங்கை சிப்புட், சிம்மோர், பத்து காஜா, கோப்பெங் வட்டாரங்களில் காடு வெட்டி, மரம் நட்டு, பால் எடுத்த கைகள் நம்முடையவை. ஒரு பக்கம் ஈய லம்பம், மறுபக்கம் ரப்பர். ஏர் பூட்டவோ கன்று நடவோ முடியாத செங்குத்து மலைகள் மட்டும் தப்பின. தோட்டத்து லயத்து வாசலில் நின்று பார்த்தால் தெரிந்த அந்த வெள்ளை மலைதான், சுற்றுவட்டாரத்தில் தொடப்படாமல் மிஞ்சிய இயற்கை. பிறகு ரப்பர் போய்ச் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்தன. மலைகள் மேலும் தனித்துப் போயின.

துண்டாடல் என்றால் என்ன என்று மலேசியத் தமிழர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1950-களில் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது வேலையோடு வீடும், கோயிலும், பள்ளியும் கேள்விக்குறியாயின. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர்களிடம் பங்குப் பணம் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960-இல் தொடங்கியது அந்த நெருக்கடியில்தான். காட்டுக்கும் துண்டாடல் அதையேதான் செய்கிறது. பெரிய காட்டில் ஆண் பூவுக்கும் பெண் பூவுக்கும் இடையே பறக்க ஈக்கு வழி உண்டு. துண்டான காட்டில் பூக்கள் பூத்தும் பயனில்லை.

மெல்லத் தேயும் ஆபத்து, ஒரே அடியில் முடியும் ஆபத்து

இங்கேதான் இரண்டு தாவரங்களின் கதையும் பிரிகிறது.

ராஃப்ளேசியாவின் ஆபத்து தேய்பிறை போன்றது. ஓரிடத்தில் மரம் வெட்டும்போது கொடி அறுபடும். இன்னோரிடத்தில் காட்டுப் பாதை போடப்படும். வேறோரிடத்தில் பார்க்க வந்தவர்கள் படம் பிடிக்கும் ஆர்வத்தில் மண்ணை மிதித்துக் கொடியையும், கண்ணுக்குத் தெரியாத இளம் மொட்டுகளையும் நசுக்குவார்கள். மகப்பேற்றுக்குப் பிந்திய மருந்தென்று மொட்டுகளைப் பறித்து விற்கும் வழக்கமும் உண்டு. 2023-இல் ஆக்ஸ்ஃபோர்டு தாவரவியல் பூங்காவைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட பன்னாட்டு ஆய்வாளர்கள், உலகின் 42 ராஃப்ளேசியா இனங்களையும் மதிப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதன்படி 25 இனங்கள் மிக அருகிய நிலையிலும், 15 இனங்கள் அருகிய நிலையிலும், 2 இனங்கள் பாதிப்புக்கு உள்ளாகக் கூடிய நிலையிலும் உள்ளன. ஆபத்தில்லாதது என்று ஒன்றுகூட இல்லை. அறியப்பட்ட வாழிடங்களில் மூன்றில் இரண்டு பங்கு, பாதுகாக்கப்பட்ட எல்லைகளுக்கு வெளியே உள்ளது.

ஆனாலும், கண்ட்லிக்கு ஒரு சாதகம் உண்டு. ஓரிடத்தில் அழிந்தாலும் வேறு காடுகளில் மிச்சம் இருக்கும். தவறைத் திருத்திக்கொள்ளக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

வாட்டிகாவுக்கு அந்த அவகாசம் இல்லை. குனோங் கந்தான் பல பத்தாண்டுகளாகச் சிமெந்துக்காக உடைக்கப்பட்டு வரும் மலை. சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சூளையில் ஏறக்குறைய 1,450 பாகை வெப்பத்தில் சுட்டால் கிடைப்பதுதான் சிமெந்தின் மூலப்பொருள். நம் வீட்டுச் சுவர், பள்ளிக் கட்டடம், கோயில் கோபுரம் எல்லாவற்றிலும் இப்படிப்பட்ட ஏதோ ஒரு மலை கலந்திருக்கிறது. கல்குவாரியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும் உண்டு. எனவே, இதை நல்லவர் கெட்டவர் கதையாக மாற்றுவது எளிது, ஆனால் அது உண்மையாகாது.

உண்மை வேறு. காடு வெட்டப்பட்டால் மீண்டும் வளர வாய்ப்புண்டு. மலை உடைக்கப்பட்டால் அது வளராது. அந்த ஒரு மலையில் மட்டும் வாழும் உயிருக்கு, மலையின் கடைசி வாழிடம் போகும் நாளே உலகின் கடைசி நாள். மலேசிய வன ஆய்வுக் கழகம் 2010-இல் வெளியிட்ட சிவப்புப் பட்டியல், இம்மரத்தை ‘மிக அருகிய’ இனமாக வகைப்படுத்தியதன் பொருள் இதுதான். அதற்கு அடுத்த படி, காட்டில் அற்றுப்போதல்.

2013, 2014 ஆண்டுகளில், அப்போதைய லஃபார்ஜ் மலேசியா நிறுவனம் மலையின் புதிய பகுதிக்குக் குவாரியை விரிவுபடுத்த முனைந்தபோது இவ்விவகாரம் நாட்டின் கவனத்துக்கு வந்தது. அதே 2014-இல் அம்மலையில் கண்டறியப்பட்ட ஒரு சிறு நத்தைக்கு அறிவியலாளர்கள் ‘சரோப்பா லஃபார்ஜி’ என்று அந்நிறுவனத்தின் பெயரையே வைத்தனர். இந்த இனம் பிழைப்பதும் அழிவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது என்று நாசூக்காகச் சொன்ன பெயர் அது. 2019-இல் அந்நிறுவனம் ஒய்டிஎல் குழுமத்தின் கைக்கு மாறி, மலாயன் சிமெண்ட் என்று பெயர் பெற்றது.

காப்பவர் யார்?

ஒரு தாவரம் பிழைக்க, அது பிழைத்திருப்பதால் யாருக்காவது நன்மை இருக்க வேண்டும். கோப்பெங் அருகே உலு கெரோவில் அது நடந்திருக்கிறது. அங்குள்ள செமாய் பூர்வக்குடியினர், மலேசிய இயற்கைக் கழகத்தின் துணையோடு ராஃப்ளேசியா வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றனர். மொட்டைப் பறித்து விற்றால் ஒரு நாள் காசு. மொட்டை விட்டுவைத்துப் பூவைக் காட்டினால், காடு உள்ளவரை வருமானம். எந்த மொட்டு எப்போது விரியும் என்பதை அறிந்தவர்களும், கண்காணிப்பவர்களும் அவர்களே.

கந்தான் மரத்துக்கு அப்படி ஒரு வருமானம் இல்லை. அதைப் பார்க்க யாரும் சீட்டு வாங்கி வரமாட்டார்கள். தீபகற்ப மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விலங்குகளுக்கானது, செடி கொடிகளுக்கு அல்ல. சபாவிலும் சரவாக்கிலும் வனவிலங்குச் சட்டங்களே ராஃப்ளேசியாவைப் பாதுகாக்கின்றன. இங்கே ஒரு தாவரத்தின் பாதுகாப்பு, அது நிற்கும் நிலத்தின் தகுதியைப் பொறுத்தது. 2007-இல் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட ரோயல் பெலுமின் 117,500 ஹெக்டேருக்குள் நின்றால் தப்பிக்கும். குவாரி நிலத்தில் நின்றால் தப்புவது கடினம். நிலமும் வனமும் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளவை என்பதால், முடிவும் பெரும்பாலும் ஈப்போவிலேயே எடுக்கப்படுகிறது.

தோட்டத்தில் வளர்த்துக் காப்பாற்ற முடியாதா என்று கேட்கலாம். இதிலும் இரண்டும் வேறு. ராஃப்ளேசியாவைக் கன்றாக நடவே முடியாது. இந்தோனேசியாவின் போகோர் பூங்காவில், ராஃப்ளேசியா உள்ளிருக்கும் கொடியை ஒட்டுப்போட்டு 2010-இல் ஒரு பூவை மலரச் செய்தது அரிய சாதனையாகக் கருதப்படுகிறது. வாட்டிகா போன்ற மரத்தை நாற்றங்காலில் வளர்ப்பது அந்த அளவுக்குக் கடினமல்ல. ஆனால், மலையில்லாத கந்தான் மரம், கூண்டுக் கிளி போலத்தான். உயிர் இருக்கும், வாழ்வு இராது.

சுண்ணாம்புக் கல் மலையில் மட்டும் இல்லை என்பது கவனிக்க வேண்டிய செய்தி. கிந்தா பள்ளத்தாக்கின் தரைக்கு அடியிலும், ஈய மண்ணுக்குக் கீழே அதே பாறை பரந்து கிடக்கிறது. உயிர்வளம் மிகுந்த மலைகளை விட்டுவிட்டு, நிலத்தடிக் கல்லையும், ஏற்கெனவே பாதிக்கு மேல் உடைந்த மலைகளையும் பயன்படுத்தலாம் என்ற யோசனை அதனால்தான் முன்வைக்கப்படுகிறது. செலவு கூடலாம். ஆனால், அது மீட்கக் கூடிய செலவு.

நம் பங்கு

சுண்ணாம்பு மலைகளோடு ஈப்போ தமிழர்களுக்கு உள்ள உறவு பழையது. தைப்பூசத்தில் காவடிகள் சென்று சேரும் குனோங் சீரோ சுப்பிரமணியர் ஆலயம் அத்தகைய மலையின் அடியில்தான் உள்ளது. மலையடியில் ஆலயம் வைத்திருக்கும் நிர்வாகங்கள், பாறைச் சரிவில் உள்ள செடிகளைப் ‘புதர்’ என்று வெட்டாமலும், குப்பையை மலையோரம் எரிக்காமலும் இருந்தாலே பல உயிர்கள் பிழைக்கும். நமக்குப் புதராகத் தெரிவது, உலகில் வேறெங்கும் இல்லாத செடியாக இருக்கலாம்.

ராஃப்ளேசியா பார்க்கச் செல்கிறவர்கள் உள்ளூர் வழிகாட்டியோடு மட்டும் செல்லுங்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள், மொட்டைத் தொடாதீர்கள். மொட்டு மருந்து என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். வாங்க ஆளில்லாவிட்டால் பறிக்க ஆளிருக்காது.

ஊராட்சி மன்றங்கள் தங்கள் உள்ளூர்த் திட்ட வரைவுகளைச் சட்டப்படி மக்கள் பார்வைக்கு வைக்கின்றன. எந்த மலை குவாரிக்கு, எந்த மலை பாதுகாப்புக்கு என்று வண்ணம் தீட்டியிருப்பது அந்த வரைபடங்களில்தான். ஆட்சேபம் தெரிவிக்கக் குறிப்பிட்ட கால அவகாசம் உண்டு, எழுத்து மூலம் தெரிவித்தால் அது பதிவாகும். தோட்டம் துண்டாடப்பட்டபோது பல குடும்பங்களுக்குச் செய்தி தெரிய வந்தது, விற்பனை முடிந்த பிறகுதான். சிம்மோரிலும் கோப்பெங்கிலும் இருக்கும் தமிழ்ப் பள்ளிகளும் ஆலயங்களும் இளைஞர் மன்றங்களும் இந்த வரைபடத்தை ஒருமுறை கேட்டு வாங்கிப் பார்த்தால், தம் ஊர் மலை எந்த வண்ணத்தில் இருக்கிறது என்பதை இப்போதே தெரிந்துகொள்ளலாம்.